கால்மாட்டில் இரண்டு செங்கல்

கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் உச்சந்தலை இடித்துத்தான் அவள் அன்று விழித்தாள். படுக்கும்போது தலையணை இருந்த இடம் வேறு, இப்போது அவள் தலை இருந்த இடம் வேறு. உடம்பு மொத்தமும் தலைப்பக்கமாகச் சரிந்து வந்து சேர்ந்திருந்தது. இறங்கிக் குனிந்து பார்த்தாள். கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் இரண்டு கால்களுக்கும் அடியில் தலா ஒரு செங்கல்.

"என்னங்க இது?"

கணவர் ஜன்னலோரம் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். "எது?"

"செங்கல்."

"ஆமா, செங்கல்தான்," என்றார் நுரையோடு. "கால் கொஞ்சம் உசரமா இருந்தா நல்லதாம்."

"யார் சொன்னா?"

"சொல்றாங்க."

'சொல்றாங்க' என்று அவளிடம் சொல்லக்கூடாது. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் அவளுக்கு வேலை. தீப்பிடித்த கடை, திருடுபோன வண்டி, வழுக்கி விழுந்த இடுப்பு என்று வந்து நிற்பவர்களில் யார் சொல்வது நிஜம், யார் சொல்வது கதை என்று மோப்பம் பிடிக்க வேண்டும். அலுவலகத்தில் அவளுக்கு 'எக்ஸ்ரே' என்று பெயர். 'சொல்றாங்க', 'தெரியலை', 'சும்மாதான்', இந்த மூன்றில் ஒன்று காதில் விழுந்தால் போதும், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஆட்களை மேலே அனுப்பிவிட்டுக் கீழே நிற்பது அவர் தொழில். மிச்ச நேரமெல்லாம் அவருக்கு ஆகாயம்தான். எந்த விண்கலம் எந்த வருஷம் போனது, எதற்குக் கதவு மாட்டிக்கொண்டது, எந்த நாய் எதில் ஏறியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தன் கல்யாண நாளை மட்டும், மனிதன் நிலாவில் இறங்கிய தேதியிலிருந்து விரல்விட்டு எண்ணித்தான் கண்டுபிடிப்பார்.

அவளுக்கு அந்த வாரம் வேறு தலைவலியும் இருந்தது. வரும் வியாழக்கிழமை ஓட்டுநர் தேர்வு. நான்காவது முறை. முதல் முறை திடலில் வளைவுக்கு வைத்திருந்த டிரம்மை இடித்தாள். அடுத்த முறை மேட்டில் நிறுத்திய வண்டி பின்னால் உருண்டது. மூன்றாவது முறை வண்டி பாய்ந்து கிளம்பிவிட்டது, அதிகாரி ஏறி உட்காருவதற்கு முன்பே. அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. கணவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காதது நிம்மதியா, வருத்தமா என்று அவளுக்கே தெரியவில்லை. எதற்கும் நிம்மதி என்றே வைத்துக்கொண்டிருந்தாள்.

செங்கல் விஷயத்தை அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரியிடம் சொன்னாள்.

"காலைத் தூக்கி வைக்கிறாரா?" பக்கத்து மேஜைக்காரி குரலைத் தாழ்த்தினாள். "வீக்கம் இருக்கான்னு பாத்தியா? எங்க பெரியப்பாவும் இப்படித்தான் திடீர்னு காலைத் தூக்கி வச்சுப் படுக்க ஆரம்பிச்சார்."

"அவருக்கு என்ன ஆச்சு?"

"அதை விடு."

அதை விட முடியுமா? அன்றே சமையலில் உப்பைப் பாதியாகக் குறைத்தாள். மகள் முதல் வாயிலேயே காதிலிருந்த பாட்டுக் கருவியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்: "அம்மா, இது சாப்பாடா, ஆஸ்பத்திரியா?"

கணவரோ, "நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லித் தட்டை வழித்துச் சாப்பிட்டார். இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் உப்பைப் பற்றிக் குறை சொல்லாமல் எழுந்ததில்லை. இப்போது அன்பாக வேறு இருக்கிறார். எதையோ மறைக்கிறவர்கள்தான் இப்படித் தட்டை வழிப்பார்கள்.

சனிக்கிழமை மதியம் அவர் கண்ணயர்ந்திருந்தபோது மெல்லக் கணுக்காலைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள். அவர் துள்ளி எழுந்தார்.

"என்ன பண்றே?"

"சும்மாதான்," என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கையால் அழுத்திப் பார்த்தால் தேறாது என்று, அலுவலகத்தில் குடும்பத்துக்கெல்லாம் இலவசப் பரிசோதனை என்று பொய் சொல்லி அன்று சாயங்காலமே மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மருத்துவர் அவரைத் தட்டிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், மூச்சை இழுக்கச் சொன்னார்.

"இவர் கல்லு மாதிரி இருக்கார்," என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "நீங்க கையை நீட்டுங்க. முகமே சரியில்லையே," என்றார். பட்டையைச் சுற்றி அமுக்கினார். ரத்த அழுத்தம் அவளுக்குத்தான் எகிறியிருந்தது. "உங்களுக்கு என்னம்மா அப்படி ஒரு கவலை?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தார்.

திரும்பும் வழியில் அவர் ஓர் எலுமிச்சைக் கன்று வாங்கினார். வாசலில் குழி தோண்டி, "வா, நீயும் ஒரு கை மண் போடு," என்றார். இதே கையால் இந்த மனிதர் வீட்டில் ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றி அவள் பார்த்ததில்லை.

"எதுக்கு இப்போ மரம்?"

"சும்மாதான். பின்னாடி பாக்கிறப்ப ஒரு ஞாபகமா இருக்கும்ல."

யாருக்கு, யாருடைய ஞாபகம்? கேட்காமல் ஒரு கை மண்ணைப் போட்டாள்.

ஞாயிறு காலை, "முடி வெட்டிக்கப் போறேன். நீயும் வாயேன், நுனியை மட்டும் வெட்டிக்கோ," என்றார். போனார்கள். திரும்பி வந்ததும் தடித்த பேனா ஒன்றை எடுத்து, படுக்கையறைக் கதவின் உட்பக்கம் தன் பெயரை எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை அவளிடம் நீட்டினார். "கீழே நீயும் ஒரு கையெழுத்துப் போடு."

"கதவுலயா?"

"நான் போட்டேன்ல?"

படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டாள் அவள். ஆனால் கதவில் படிக்க என்ன இருக்கிறது? நம்பிக்கை இல்லாத இடத்தில் போடும் கோணல் கையெழுத்தைப் போட்டு வைத்தாள்.

எல்லாவற்றிலும் அவளையும் சேர்த்துக்கொள்கிறார். அதுதான் அவளை இன்னும் உறுத்தியது. தனியாகச் செய்தால் சந்தேகம் வரும் என்று தெரிந்தவர்கள்தான் கூடவே ஒரு சாட்சியை வைத்துக்கொள்வார்கள். சொந்தக் கடையைக் கொளுத்துகிறவர்கள் எல்லாரும் அன்றைக்குப் பார்த்து மாமனாரைக் கடைக்கு அழைத்து வந்திருப்பார்கள். அவள் எத்தனை மாமனார்களைப் பார்த்திருக்கிறாள்!

அன்று பிற்பகல் அவள் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். கணவர் வழக்கம்போல டிவியில் ஒரு பழைய விண்வெளிப் படத்தைப் போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கோ ஒரு லிஃப்டில் யாரோ மாட்டிக்கொண்டதாக அழைப்பு வந்தது, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். படம் தன்பாட்டுக்கு ஓடியது.

அவள் நிமிர்ந்து பார்த்தபோது திரையில், மண்வெட்டியும் கையுமாக ஒருவர் கன்று நட்டுக்கொண்டிருந்தார். ராக்கெட் ஏறப்போகிறவராம். அதே ஆள் முடி வெட்டிக்கொண்டார். கால்மாட்டை உயர்த்திய கட்டிலில் படுத்தார். தங்கியிருந்த அறையின் கதவில் கையெழுத்துப் போட்டார். முதல்முதலாகப் போனவர்கள் செய்ததை எல்லாம் பின்னால் போகிறவர்களும் ஒன்று விடாமல் செய்கிறார்களாம். செய்யாமல் கிளம்பினால் திரும்பி வராமல் போய்விடுவோமோ என்று ஒரு பயமாம். படித்தவர்கள், விஞ்ஞானிகள் எல்லாரும்கூட அதில் கை வைக்க மாட்டார்களாம்.

அடுத்து என்ன செய்வார்கள் என்று அவள் பார்க்கவில்லை. கருகல் வாடை வந்தது. அவருடைய நீலச் சட்டையின் முதுகில், தேய்ப்புப் பெட்டி அளவுக்கு ஒரு ஜன்னல் திறந்திருந்தது.

ஆக, நோய் இல்லை. கிளம்புகிறார்.

அவள் முறையாக யோசித்தாள். வீட்டில் இருப்பது மூன்று பேர். மகளுக்குக் கல்லூரி இருக்கிறது, அவள் நகர மாட்டாள். விசாரிக்கிறவரைச் சந்தேகப் பட்டியலில் சேர்க்கும் வழக்கம் அவள் அலுவலகத்தில் கிடையாது. மிச்சம் ஒரே ஒரு ஆள். எங்கே போகிறார், யாரோடு போகிறார் என்பதுதான் பாக்கி.

மகளிடம் சுற்றி வளைத்துக் கேட்டாள். "உங்க அப்பா எங்கேயாவது போறாரா?"

"யாரு, அப்பாவா?" மகள் சிரித்தாள். "அவர் லிஃப்ட்லயே ஏற மாட்டாரும்மா. ரிப்பேர் பண்ணிட்டுப் படியில இறங்கி வருவார்."

அந்தச் சிரிப்பும் கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது.

திங்கட்கிழமை பரண்மேல் இருந்த பயணப்பெட்டியை இறக்கித் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். பெட்டி இல்லாமல் எவர் கிளம்புவார்? மேஜைக்கடியில் தள்ளிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது கணவர் நாற்காலிமேல் ஏறிப் பரணைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"இங்கே இருந்த பெட்டி எங்கே?"

மாட்டிக்கொண்டார்! அவள் நாற்காலியருகே வந்து நின்றாள். "எதுக்கு?"

"உள்ளே ஒண்ணு இருக்கு. வேணும்."

"என்ன?"

"தெரியலை... பழைய சாமான்."

'தெரியலை' வந்துவிட்டது. பழுது பார்க்கக் கொடுத்திருப்பதாகச் சொல்லிச் சமாளித்துவிட்டு, மறுநாள் அலுவலகத்தில் பெட்டியைத் திறந்து குடைந்தாள். ஒரு பழைய போர்வை, மகள் குழந்தையாக இருந்தபோது வைத்திருந்த துணி யானை. வேறு ஒன்றும் இல்லை. பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் போர்வையைத் தள்ளிவிட்டு யானையை எடுத்தார், தும்பிக்கையில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்தார், பைக்குள் போட்டுக்கொண்டார். பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பொம்மையா?" பக்கத்து மேஜைக்காரி மறுநாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "பொம்மையை யாருக்குக் கொடுப்பாங்க? குழந்தைக்குத்தானே?"

அப்படியானால் வேறெங்கோ ஒரு வீடு, அங்கே ஒரு குழந்தை. மருத்துவர் 'கல்லு மாதிரி' என்று சொன்னது இருதயத்தைத்தான் என்று அவளுக்கு இப்போதுதான் விளங்கியது.

அதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, சூரியன் இறங்கும் நேரத்தில் அவர் மொட்டைமாடிக்குப் போனபோது அவளும் பின்னாலேயே ஏறியிருந்தாள். யாரிடமாவது ஜாடை காட்டுகிறாரா என்று பார்க்கத்தான். அவர் மேற்கே பார்த்து நின்றிருந்தார். "வந்துட்டியா? அங்கே பாரு, சிமிட்டாம ஒரு புள்ளி வருதில்ல? விண்வெளி நிலையம். உள்ளே ஆள் இருக்காங்க."

புள்ளி அவர்கள் தலைக்குமேல் சத்தமில்லாமல் நகர்ந்தது. கூரைகள், கம்பிகள், காயும் துணிகள் எல்லாவற்றையும் தாண்டி, யாரையும் கேட்காமல் போயிற்று. அவ்வளவு தூரம் போகிறவர்களுக்கு வீட்டு ஞாபகம் வருமா என்று அவள் யோசித்தாள். தான் இதுவரை பேருந்தில் ஏற்றிவிட்டுக் கைகாட்டிய முகங்களெல்லாம் நினைவுக்கு வந்தன.

"மேலே போறவங்க திரும்பி வருவாங்களா?"

"வராம?"

"எல்லாருமா?"

அவர் புள்ளியைப் பார்த்துக்கொண்டே, "பெரும்பாலும்," என்றார். பிறகு, "கீழே நிக்கிறவங்களுக்குத்தான் நடுக்கம் அதிகம். போறவங்களுக்குக் கைவேலை இருக்கும்," என்றார்.

போகிறவர் தனக்கு ஆறுதல் சொல்கிறாராம். அவளுக்குக் கோபம் வந்தது.

புதன்கிழமை அலுவலகத்திலிருந்து வந்து ஜன்னலோரம் நின்று காற்று வாங்கிக்கொண்டிருந்தாள். கணவர் எங்கிருந்தோ பாய்ந்து வந்து திரைச்சீலையை இழுத்து மூடினார்.

"ஏங்க?"

"வெயில்."

"வெயில் எங்கே இருக்கு?"

"இப்போ வரும். நீ உள்ளே வா. தெருவைப் பாக்காதே."

உள்ளே போவதுபோலப் போய், சமையலறை ஜன்னலின் இடுக்கில் கண்ணை வைத்தாள். கீழே தெருவில், அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் தன் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். அதைத் தாண்டி, குடை பிடித்துக்கொண்டு ஒரு பெண் நடந்து போனாள். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. குடை எதற்கு? முகத்தை மறைக்கத்தான்.

தேதிகூடத் தெரிந்துவிட்டது. நாளைக்குத்தான். கூடப் போகிறவள் கிளம்புவதற்கு முந்தின நாள்தான் வீட்டைப் பார்த்து வைத்துக்கொள்ள வருவாள். அப்படியானால் நாளை முழுக்க இவள் வீட்டை விட்டு நகரக்கூடாது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தத்துக்கு நடுவே மாஸ்டருக்குப் போன் செய்தாள்.

"மாஸ்டர், நாளைக்கு நான் டெஸ்ட்டுக்கு வரலை."

"சரிம்மா," என்றார் மாஸ்டர். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. எல்லாரும் தன்னை எவ்வளவு சுலபமாக விட்டுவிடுகிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். குழாயை மூட மறந்து, வாளி நிரம்பி, பாத்திரம் கழுவும் இடம் வரைக்கும் தண்ணீர் வந்தது.

வியாழன் விடிந்ததும் அவருடைய செருப்பு, பூட்ஸ், மழைக்குப் போடும் ரப்பர் செருப்பு எல்லாவற்றையும் துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் போட்டு மூடினாள். கூடத்துக்கு வந்தபோது அவர் சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டிருந்தார். குளித்து, தலை வாரி, நல்ல சட்டை போட்டிருந்தார்.

"உக்காரு. ஒரு ஆட்டம் போடுவோம்."

"காலங்காத்தாலயா?"

"ஒரே ஆட்டம்."

கடைசி ஆட்டமாக்கும். அவள் உட்கார்ந்தாள். விளையாடுகிறவரைக்கும் இந்த மனிதர் வாசல் தாண்ட மாட்டார். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஆடினாள். முதல் ஆட்டம் அவள்தான் ஜெயித்தாள். அடுத்ததும் அவள்தான். அதற்கடுத்ததும். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், நெற்றியைத் துடைத்தார், நல்ல சீட்டுகளாகப் பார்த்துக் கீழே போட்டார். அவற்றைக்கொண்டே அவள் மறுபடியும் ஜெயித்தாள்.

"நீங்க வேணும்னே தோக்கிறீங்க."

"இல்லைம்மா! ஜெயிக்கத்தான் பாக்கிறேன்! எனக்குச் சீட்டு ஆட வராதுன்னு உனக்குத் தெரியாதா?" அவர் கெஞ்சுகிற குரலில் சொன்னார். "ஒரே ஒரு தடவை தோத்துடேன். நேரமாகுது."

நேரமாகுதாம். அவர் வாயாலேயே வந்துவிட்டது. அவள் கண்ணில் நீர் கட்டியது. ராஜா எது, ராணி எது என்று தெரியவில்லை. கையில் வந்ததைப் போட்டாள். அந்த ஆட்டத்தில் தோற்றாள்.

"அப்பாடா!" அவர் குதித்து எழுந்தார். "நீ அப்படியே இரு. கீழே எனக்கு ஒரு வேலை இருக்கு, முடிச்சுட்டு வந்துடறேன்." செருப்பைத் தேடினார், கிடைக்கவில்லை, வெறுங்காலோடு படியில் இறங்கி ஓடினார்.

எழுந்து பின்னால் ஓட வேண்டும் என்று நினைத்தாள். ஓடவில்லை. ஒரு வாரமாக அவள் எடுத்து ஒளித்து வைத்தவை எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பெட்டி, செருப்பு, உப்பு. போகாதீர்கள் என்ற ஒரு வார்த்தையைத்தான் அவள் வெளியே எடுக்கவே இல்லை. விசாரிக்கத் தெரிந்தவளுக்குக் கேட்கத் தெரியவில்லை. சீட்டுகளைப் பொறுக்கி அடுக்கினாள். அடுக்கியதை மறுபடியும் கலைத்தாள்.

கதவு தட்டப்பட்டது. பாய்ந்து திறந்தாள். மாஸ்டர் நின்றார். முகம் சிவந்திருந்தது.

"என்னம்மா, இன்னும் ரெடியாகலையா?"

"நான்தான் நேத்தே வரலைன்னு சொன்னேனே."

"மூணு தடவையும் முந்தின நாள் அதைத்தான் சொன்னீங்க. நான் அதையெல்லாம் கணக்குல எடுக்கிறதில்லை." அவர் மூச்சு வாங்கினார். "அதை விடுங்க. உங்க வீட்டுக்காரரைப் பத்தி ஒண்ணு பேசணும்."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். "போயிட்டாரா?"

"போறதா? நல்லா நின்னாரு!" மாஸ்டர் வெடித்தார். "நேத்து சாயங்காலம் பூரா தேய்ச்சுக் கழுவி வச்ச வண்டிம்மா. இப்போ வந்து பாத்தா முன் கண்ணாடியில ஒரு துணி யானை தொங்குது. சரி, போகட்டும்னு பின்னாடி போனா, உங்க வீட்டுக்காரர் வலது பின் டயர்கிட்ட நின்னுக்கிட்டு... எப்படிச் சொல்றது உங்ககிட்ட... வெட்டவெளியில, பட்டப்பகல்ல, என் டயர்ல!"

"டயர்லயா?"

"வழக்கமாம்! ராக்கெட் ஏறப்போறவங்க வழியில பஸ்ஸை நிறுத்தி இப்படித்தான் பண்ணுவாங்களாம், முதல் ஆள்லேருந்து எல்லாரும். முந்தின நாள் வண்டியைக் கண்ணால பாக்கக்கூடாதாம், சீட்டுல தோத்துட்டுத்தான் கிளம்பணுமாம், முன்னாடி ஒரு பொம்மை தொங்கணுமாம். இது பத்தாதுன்னு, ஏறப்போற ஆளைப் பின்னாடி ஒரு உதை உதைச்சு அனுப்பணுமாம், அதை நான் பண்ணணுமாம். நான் வண்டி ஓட்டக் கத்துக்கொடுக்கிறவனா, உதைக்கிறவனா?"

அவள் கதவை விட்டு முன்னால் வந்தாள். "எங்கே போறாராம் மாஸ்டர்? யாரோட போறாராம்? அதைக் கேட்டீங்களா?"

"கேக்காம விடுவேனா? 'இவ்வளவும் பண்ணிட்டு எங்கே சார் கிளம்புறீங்க'ன்னு சட்டையைப் பிடிச்சுக் கேட்டேன். 'நான் எங்கே மாஸ்டர் போகப்போறேன், நான் கீழே நிக்கிற ஆளு, போறது என் பொண்டாட்டி. அவ வந்து டயர்கிட்ட நிக்க முடியாதில்ல, அதான் அவளுக்குப் பதிலா நான்'ங்கிறாரு!"